வீட்டுக்கே வந்து குழந்தைகளைக் காக்கும் சேவை: ஸ்ரீராமபுரத்தில் எங்கள் குடும்பம் கண்டது

குழந்தைக்கு ஆபத்து இருக்கிற வீட்டுக்கு ஆள் அனுப்பி, பிள்ளையை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகாமல் அந்த வீட்டையே சரிப்படுத்தப் பார்க்கிற சேவை ஒன்று உண்டு. பெங்களூரில் தொண்டு நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. காசு வாங்குவதில்லை. எங்கள் ஸ்ரீராமபுரத்தில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் பிள்ளை பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். என் அண்ணன் வீட்டுக்கு அந்தச் சேவை வந்தது, ஆறு மாதம் இருந்தது, முடிந்தும் போனது. நான் அந்தப் பிள்ளைகளுக்கு அத்தை. அண்ணி எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, வேண்டாம் என்றவற்றை எடுத்துவிட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் பகுதியில் அவர்கள் போய்வந்த வீடுகள் கொஞ்சம்தான். பெயரைச் சொன்னால் எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். பெரியவள் இதே தெரு வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறாள்.

நிலைமை இதுதான். அண்ணன் பெயின்டர். வாரக் கூலி, சனிக்கிழமை சாயங்காலம் கையில் வரும். அண்ணிக்குப் பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலை. காலையில் இருட்டோடு எழுந்து சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும், திரும்பி வர ஏழாகிவிடும். ஓ.டி. இருந்தால் இன்னும் நேரமாகும். இரண்டு பிள்ளைகள்: பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு இரண்டு. ஒரே அறை கொண்ட ஷீட் வீடு. அண்ணன் குடிப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொரோனாவுக்கு அப்புறம் வேலை விட்டுவிட்டுத்தான் கிடைத்தது, குடி கூடியது. அடி விழும் என்பதும் தெரியும். பெரியவள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் வகுப்பு டீச்சர் விசாரித்து வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த டீச்சர்தான் நிறுவனத்துக்குச் சொன்னவர். அவருக்கு எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது.

அவள் ஏன் நின்றாள் என்பதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லோரும் அம்மாவைத் திட்டுகிறார்கள். அங்கன்வாடியில் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும்தான் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் சத்துமாவு வீட்டுக்கு வரும், எடை பார்ப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு வயதுப் பையனை நாள் முழுக்க வைத்துக்கொள்ள அங்கே இடம் கிடையாது. தனியார் குழந்தைகள் காப்பகம் கேட்கிற பணத்தைக் கொடுத்தால் அண்ணியின் சம்பளத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. அண்ணன் வேலை இல்லாத நாளில் வீட்டில் இருப்பார், ஆனால் அவரை நம்பி விட முடியாது. மிச்சம் இருந்தது ஒன்பது வயதுப் பெண்தான்.

முதல் நாள் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். கதவுக்கு வெளியே நின்றுகொண்டே, "இங்க சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா, ஸ்கூலுக்குப் போறாங்களா?" என்று கேட்டார். எதிர்வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு இரவே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. இது அவர்களுடைய பெரிய தவறு. ஒரு வீட்டுக்கு உதவ வருகிறவர் முதலில் உள்ளே வந்து உட்கார வேண்டும், அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும். அதோடு அவர் வந்தது காலை பதினொரு மணிக்கு. அண்ணி வேலையில் இருந்தார். கதவைத் திறந்தது அந்த ஒன்பது வயதுப் பெண்.

அடுத்த வாரம் வேறு ஒருவர் வந்தார். அவரைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். கோலார் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். அண்ணி வேலை முடிந்து வரும் நேரத்தை போனில் கேட்டுக்கொண்டு அந்த நேரத்துக்கு வந்தார். ஃபைலைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அண்ணி கொடுத்த டீயைக் குடித்து முடித்த பிறகு சொன்னார்: "அக்கா, பிள்ளைய எடுத்துட்டுப் போக நான் வரல. அந்த அதிகாரமும் எனக்குக் கிடையாது. பிள்ளைங்க இங்கயே பத்திரமா இருக்கணும், அதுக்கு என்ன வேணும்னு கேக்கத்தான் வந்தேன்." கூடவே இன்னொன்றும் சொன்னார். பிள்ளைக்குப் பாலியல் தொந்தரவு நடக்கிறது என்று தெரிந்தால் அதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்க அவரால் முடியாது, போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதேபோல் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலும் மறைக்கமாட்டேன் என்றார். எதை ரகசியமாக வைப்பேன், எதை வைக்கமாட்டேன் என்று முதல் நாளே சொன்னதால்தான் அண்ணி அவரை நம்பினார். நானும்தான்.

பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எங்கள் மாதிரிக் குடும்பங்களில் ரொம்ப ஆழமாக இருக்கிறது. அதனால் அவர் விளக்கியதை இங்கே எழுதுகிறேன். குழந்தையை வீட்டிலிருந்து மாற்றும் முடிவை எடுப்பது மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு. அதில் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். வீட்டுக்கு வரும் தொண்டு நிறுவன ஊழியர் தானாக அப்படி எதுவும் செய்ய முடியாது. அந்தக் குழுவுக்கும் சட்டம் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முதல் பொறுப்பு பெற்ற குடும்பத்துக்கே, விடுதியில் சேர்ப்பது கடைசி வழி என்று 2015 சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே கொள்கையாக எழுதியிருக்கிறது.

அப்புறம் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்கிற பார்வை இல்லை. "நான் ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். காவேரித் தண்ணீர் தினமும் வராததால் வாசல் ஓரம் ஒரு நீல டிரம் நிரப்பி வைத்திருப்போம். மூடி உடைந்து போயிருந்தது. இரண்டு வயதுப் பையன் தலைகுப்புற விழுந்தால் அவனால் எழ முடியாது, வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால்கூடப் போதும் என்றார். கழிவறை ஆசிட்டை ஒரு பழைய கூல்டிரிங் பாட்டிலில் ஊற்றி அடுப்புக்குக் கீழே வைத்திருந்தார்கள். வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடின் வயர் பையனுக்கு எட்டுகிற மாதிரி தொங்கியது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அண்ணி வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். பெண்பிள்ளை தனியாக இருக்கிறாள் என்ற பயத்தில் போட்ட பூட்டு அது. உள்ளே சிலிண்டர், ஒரே கதவு. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை. பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

அன்றே டிரம்முக்கு ஒரு பலகையும் அதன்மேல் அம்மிக்கல்லும் வந்தன. ஆசிட் பாட்டில் பரண்மேல் ஏறியது. பூட்டுக்கு மாற்று கண்டுபிடிக்கத்தான் நாளானது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அந்த ஊழியரே போய்ப் பேசினார், சாவி அங்கே இருக்கட்டும், மணிக்கொரு தடவை எட்டிப் பாருங்கள் என்று. பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் காது நல்லாக் கேட்கும், வாயும் பெரிய வாய். அது போதும் என்றார்.

பையனின் மேல்கையை ஒரு நாடாவால் அளந்தார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அளக்கும் நாடா அது. 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. 11.5க்கும் 12.5க்கும் நடுவில் மஞ்சள். பையன் மஞ்சளில் இருந்தான். பிள்ளை ஒல்லியாக இருக்கிறான், அப்பன் வாகு என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரியவள் பள்ளிக்கூடம் திரும்பியது எப்படி என்று சொல்கிறேன். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்பது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. அண்ணி வேலை செய்த இடத்திலும் ஒரு அறை இருந்தது, ஆனால் பிள்ளையைக் கூட்டி வரலாமா என்று கேட்டால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். அந்த ஊழியர் அண்ணியின் அனுமதியோடு அங்கே எச்.ஆரிடம் போன் பண்ணிப் பேசினார், அப்புறம் நேரில் போனார். சண்டை போடவில்லை. காப்பக அறை காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, பார்த்துக்கொள்ளும் ஆயா எத்தனை பேர், பிள்ளைக்குப் பால் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி இப்போது பையனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார். கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்பதால் காசு பிரச்சினை இல்லை. காலைக் கூட்டம்தான் கஷ்டம். பெரியவள் வகுப்புக்குத் திரும்பினாள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பு என்று பத்துப் பேர் புத்தி சொன்னார்கள். பையனுக்கு ஒரு இடம் தேடிக்கொடுத்தவர் இவர் ஒருவர்தான்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு இந்தச் சேவை மேல் மரியாதை வந்தது. இங்கேதான் அதன் எல்லையும் தெரிந்தது.

முதலில் அந்த ஊழியர் அண்ணியைத் தனியாகப் பார்த்தார். வீட்டில் இல்லை, பஸ் ஸ்டாப்பில். கழுத்தை நெரித்திருக்கிறாரா, கத்தி மாதிரி எதையாவது எடுத்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா, அடி முன்னைவிடக் கூடியிருக்கிறதா, பிள்ளைகள் மேல் கை வைத்திருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் சிலவற்றுக்கு ஆமாம் என்று பதில் வந்திருந்தால் இந்த வீட்டிலேயே வைத்து வேலை செய்யலாம் என்று நான் சொல்லியிருக்கவே மாட்டேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்படிப்பட்ட வீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் முதலில் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி வழியாகக் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் புருஷன் பெயரில் இருந்தாலும் மனைவியை அந்த வீட்டை விட்டுத் துரத்த முடியாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அண்ணிக்கு இது தெரியாது. பன்னிரண்டு வருஷமாக "என் வீட்ட விட்டுப் போடி" என்ற பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டவர் அவர்.

எங்கள் வீட்டில் பதில் பெரும்பாலும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் ஒரு சனிக்கிழமை அண்ணன் அடுப்பை உதைத்ததில் சோற்றுப் பானை சரிந்து பெரியவளின் கையில் கஞ்சி கொட்டியிருந்தது. தழும்பு இருக்கிறது. கை வைக்கவில்லை என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். அந்த ஊழியர் அதை ஏற்கவில்லை. அண்ணன் தெளிவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அவர் முன்னாலேயே பெரியவளின் கையைக் காட்டி, "அண்ணா, இது உங்களாலதான் ஆச்சு. இனிமே ஆகாம இருக்க என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. கூலி வாங்கும் நாள் வீட்டுக்கு வரும்போதுதான் தப்பு நடக்கிறது என்று கடைசியில் அவர் வாயாலேயே சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. திட்டியிருக்கிறோம், அழுதிருக்கிறோம், மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டிக் கூட்டி வந்திருக்கிறோம்.

அதிலிருந்துதான் திட்டம் உருவானது. இரண்டு திட்டம். ஒன்று அண்ணனுக்குத் தெரிந்தது, அவர் கையெழுத்துப் போட்டது: சனிக்கிழமை கூலியில் பாதியை மேஸ்திரி நேராக அண்ணிக்கு அனுப்பிவிடுவார், குடித்திருந்தால் அண்ணன் அன்று இரவு என் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார், அவரை அழைக்க என் வீட்டுக்காரர் போவார். இன்னொன்று அண்ணிக்கும் பெரியவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது: எந்தச் சத்தம் கேட்டால் பெரியவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும், ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஒரு செட் துணி உள்ள பை எங்கே இருக்கிறது, 1098க்கும் அவசர உதவி எண் 112க்கும் எப்படிப் போன் பண்ண வேண்டும். 1098 என்பது 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண். இப்போது அரசே நடத்துகிறது, எந்த நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. பெரியவளை அந்த எண்ணைச் சொல்ல வைத்து, என் போனில் அழுத்திக் காட்ட வைத்து, அதற்கப்புறம்தான் அவர் கிளம்பினார்.

குடியை நிறுத்துவது பற்றி அவர் சொன்னதை இங்கே எல்லோரும் படிக்க வேண்டும். ரூமில் பூட்டி வைத்துக் குடியை விடவைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். அந்த ஊழியர் பதறிப்போய்த் தடுத்தார். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளிலேயே கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவது எல்லாம் வரலாம், உயிரும் போகலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்றார். அண்ணி சாம்பாரில் கலக்க ஒரு மாத்திரை வாங்கி வைத்திருந்தார், குடியை வெறுக்க வைக்கும் என்று யாரோ விற்றது. அதையும் தூக்கிப் போடச் சொன்னார். அப்படிப்பட்ட மாத்திரையைச் சாப்பிட்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம், டாக்டர் கொடுத்து அவரே தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. ஹோசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் குடி நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது என்று சொல்லி, அண்ணனை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனதும் இந்த நிறுவனத்தின் ஆண் ஆலோசகர்தான். அந்த ஆலோசகரும் ஒரு காலத்தில் குடித்தவர். அண்ணன் அவரிடம் மட்டும் மனசு விட்டுப் பேசினார். அவரை ஏன் மூன்றாவது மாதம் வரை அனுப்பவில்லை என்று எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. வீட்டில் ஆபத்து அப்பாவிடமிருந்து வரும்போது, சேவை முழுக்க அம்மாவிடமே பேசிக்கொண்டிருந்தால் எப்படி?

பண உதவி பற்றி எதிர்பார்ப்போடு போகாதீர்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஆனால் நகரத்தில் வருட வருமானம் 96,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது மாதம் 8,000. தையல் மிஷினில் நாள் முழுக்க உட்காருகிற ஒரு பெண்ணின் சம்பளமே அதைத் தாண்டிவிடும். விதவை, கைவிடப்பட்டவர், பெற்றோருக்குத் தீராத நோய் என்று சில நிலைகளுக்குத்தான் முதலிடம். குடிகாரப் புருஷனோடு வாழ்ந்துகொண்டே வேலைக்குப் போகிறவருக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். அந்த ஊழியர் விண்ணப்பம் போட்டுப் பார்த்தார், வரவில்லை. மாநில அரசு குடும்பத்தலைவிக்கு மாதாமாதம் கொடுக்கும் கிருஹலட்சுமி 2,000 ரூபாய் அண்ணியின் கணக்கில் வருகிறதா என்று மட்டும் சரிபார்த்து, பாஸ்புக்கை அண்ணன் கையிலிருந்து அண்ணி கைக்கு மாற்றிக்கொடுத்தார். அதுவே பெரிய வேலை.

இப்போது குறைகள். எழுதிய காகிதம் எல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான். அண்ணிக்குத் தமிழ் மட்டும்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் என்ன இருக்கிறது என்று நான்தான் வாசித்துச் சொன்னேன். நான் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? ஸ்ரீராமபுரத்தில் தமிழில் ஒரு பக்கம் அச்சடிப்பது பெரிய விஷயமே இல்லை.

நான்காவது மாதத்தில் அந்த ஊழியரை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் நல்லவர்தான், ஆனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். பெரியவள் தன் கை எப்படிச் சுட்டது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அன்று இரவு அவள் படுக்கையை நனைத்துவிட்டாள். பழைய ஊழியர் கூடவே வந்து அறிமுகம் செய்து, எழுதி வைத்ததைப் புதியவர் படித்துவிட்டு வந்திருந்தால் இது நடந்திருக்காது. பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒரு நிறுவனம் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஒருவர் எத்தனை வீடு பார்க்கிறீர்கள் என்று பழைய ஊழியரிடம் ஒருமுறை கேட்டேன். முப்பதுக்கு மேல் என்றார். அமெரிக்காவில் டகோமா என்ற ஊரில் 1974இல் ஹோம்பில்டர்ஸ் என்ற சேவை இதே நோக்கத்தோடு தொடங்கியது, அங்கே ஒரு ஊழியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு குடும்பம்தான், நான்கிலிருந்து ஆறு வாரம், ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார்கள் என்று அவரே பயிற்சியில் கேட்டதைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஏக்கத்தை நான் மறக்கவில்லை. முப்பது வீட்டைப் பார்க்கிறவரால் அப்படி வர முடியாது. குறை அவருடையதில்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள், அந்த நிறுவனத்துக்கு நிதி கொடுக்கிறவர்கள் யோசிக்க வேண்டியது. வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதால் எந்தப் பிள்ளையும் பத்திரமாவதில்லை.

நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய குறை. அவர்கள் ஆபீஸ் பத்திலிருந்து ஆறு வரை. எங்கள் வீட்டில் ஆபத்து சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல். அண்ணி இதை நேராகச் சொன்ன பிறகு அந்த ஊழியர் தன் பொறுப்பில் சில சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். அண்ணன் தள்ளாடி வந்து அவரைப் பார்த்ததும் திரும்பி என் வீட்டுக்கு நடந்தார். அந்தச் சில சாயங்காலங்கள்தான் வீட்டை மாற்றின என்று அண்ணி உறுதியாகச் சொல்கிறார். ஆனால் அவருக்கு அதற்கு ஈடாக விடுப்பு கொடுக்கவில்லை, ஆட்டோ காசும் கொடுக்கவில்லை. புதிதாக வந்தவர் சனிக்கிழமை வரவே இல்லை.

ஆறு மாதம் ஆனதும் முடித்துவிட்டார்கள். அண்ணன் நிமான்ஸிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம் ஒரு தடவை மறுபடியும் குடித்தார், திட்டப்படி என் வீட்டுத் திண்ணைக்கே வந்தார். குடி நோய் அப்படித் திரும்புவது சகஜம் என்று அங்கே டாக்டரே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கேஸ் மூடியாச்சு என்று சொல்வது சரியில்லை. ஆலோசகர் மட்டும் தன் போனிலிருந்து மாதம் ஒருமுறை அண்ணனைக் கூப்பிடுகிறார்.

இத்தனை குறைக்குப் பிறகும், பிள்ளை ஆபத்தில் இருக்கும் வீடு உங்களுக்குத் தெரிந்தால் இந்த உதவியைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். பெரியவள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். பையனின் கை அளவு பச்சைக்கு வந்துவிட்டது. இருவரும் அம்மாவோடு இருக்கிறார்கள். விடுதியில் சேர்த்திருந்தால் அண்ணி உடைந்து போயிருப்பார்.

எங்கே கேட்பது என்றால், பள்ளிக்கூட டீச்சரிடம், அங்கன்வாடி டீச்சரிடம், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடம், இல்லையென்றால் 1098இல். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நேராகப் போகலாம். தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். ஊழியர் மாறினால் பழையவரும் கூட வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டு ஆணோடு பேச யார் வருவார், எப்போது வருவார் என்று கேளுங்கள். வாரக் கூலி வாங்குகிற வீடு என்றால் சனிக்கிழமை சாயங்காலம் வர முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் அந்த நேரத்துக்கு வேறு யார் இருப்பார் என்று அவர்களோடு உட்கார்ந்து ஒரு பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.